அப்பா தவிர்த்த நீளமான கேள்விகள்

1

போன வாரம் நிலாவின் பள்ளியிலிருந்து என் வார்டுக்கு அழைப்பு வந்தது. பணி நேரத்தில் கைப்பேசி வைத்துக்கொள்ள எங்களுக்கு அனுமதியில்லை. மேசையிலிருந்த பெண் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினாள்: மகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், வந்து அழைத்துப் போகவும்.

மருத்துவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக வலி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நிலாதான் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள், மூன்று நாளாக என்று. அவர் என் கோட்டுக்குக் கீழே தெரிந்த செவிலியர் சீருடையைப் பார்த்தார். மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏண்டி சொல்லல?"

"நீ ஷிப்ட்ல இருந்தியேம்மா. மூணு நாளும் லாங் டே. முடிஞ்சதும் சொல்லலாம்னு வெயிட் பண்ணேன்."

"யாரு உனக்கு இத சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல. நம்ம வீட்ல அப்டித்தானே?"

அவளுக்கு ஏழு வயது. மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் வித்தியாசம் தெரியாது. ரசத்தைச் சூப் என்கிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பாதி பதில் வருகிறது. மொழி போய்விடும், உறவுமுறை போய்விடும் என்றெல்லாம் நான் பயந்துகொண்டிருக்க, நான் சொல்லிக்கொடுக்கவே இல்லாத நெய்வேலி வழக்கம் ஒன்று மட்டும் எப்படியோ அவளிடம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதக் கடைசியில் அப்பாவுக்கு வருஷத் திதி. அவர் போன கதையை ஊரில் பலரும் பலவிதமாகக் கேட்டிருப்பீர்கள். பரீட்சைதான் முக்கியம் என்று மகள் வராமல் இருந்துவிட்டாள் என்றுகூடச் சிலர் சொன்னதாகக் கேள்வி. அது பொய்யில்லை. தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோதே அப்பாவின் நெஞ்சு பழுதாகிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். கிளம்புவதா, இருந்து எழுதுவதா என்ற கேள்வி என் முன்னால்தான் இருந்தது. எப்படித் தெரிந்தது, தெரிந்தும் ஏன் இருந்தேன் என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் ஊரில் செவிலியர் பட்டம் படித்தவள். இங்கே இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரை ஊருக்கு வந்தபோது அந்தப் பட்டம் பெட்டியிலேயே இருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறினால்தான் செவிலியர். அதுவரை முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டிவிடுவது, ஊட்டிவிடுவது, படுக்கை மாற்றுவது. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் அரை மதிப்பெண்ணில் போனது. அந்த டிசம்பருக்குள் தேறாவிட்டால் எனக்கு வேலை தந்தவர்கள் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். என்னைச் சார்ந்துதான் கணவருக்கும் நிலாவுக்கும் விசா.

எனக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. தெரிந்த சொற்களில் எது எந்த இடத்துக்கு என்பதில்தான் சறுக்கும். இல்லத்தில் ஒரு பாட்டி இறந்த காலையில், நம் ஊர் ஆஸ்பத்திரிக் குறிப்பில் எழுதுவதுபோல 'எக்ஸ்பயர்டு' என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, "பால்தான் அப்படி ஆகும், மனிதர்கள் இல்லை" என்றார். கேலியாக இல்லை, அன்பாகத்தான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு யோசனை சொன்னார். நான் வைத்திருந்த பயிற்சிப் புத்தகத்தை அவரும் அங்கே வாங்கினார். வாக்கியத்தில் ஓர் இடம் காலியாக இருக்கும். கீழே நான்கு சொற்கள். பொருத்தமானதைச் சொல்ல வேண்டும். அவர் வாசிப்பார், நான் சொல்வேன், அவர் கடைசிப் பக்கத்தில் விடையைச் சரிபார்ப்பார். அவர் ஐடிஐ படித்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அந்தச் சொற்களில் பாதி அவருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

என் மதிய உணவு இடைவேளையில் அங்கே சாயங்காலம். ஓய்வறையில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிடுவேன். அப்பா ஒரே மூச்சில் வாசிப்பார், காலியிடத்தையும் சேர்த்து, நம் பள்ளிக்கூடங்களில் வாசிப்பதுபோல.

"தி ஓல்ட் பிரிட்ஜ் வாஸ் டேஷ் பை தி ஃப்ளட். ஏ, இன்ஜூர்டு. பி, டேமேஜ்டு. சி, ஹர்ட். டி, ஊண்டட். சொல்லு."

"பி."

"ஏன், வெள்ளத்துல பாலத்துக்கு காயம் ஆவாதா?"

"மனுஷனுக்குத்தாம்பா காயம். பொருளுக்கு டேமேஜ்."

"எங்க பெல்ட்டு அறுந்தா பெல்ட்டுக்கு அடிபட்டுடுச்சுன்னுதான் கன்ட்ரோல் ரூமுக்கே சொல்லுவோம். உடனே ஆளு ஓடி வரான். உங்க வெள்ளக்காரன் டேமேஜ்னு சொன்னாத்தான் வருவானா?"

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்கும். "புள்ளைக்கு சோறு துன்ற நேரம். விடுங்க."

"அவ துன்னுகினேதான் பதில் சொல்றா. நீ சும்மா இரு."

நாள் தவறாமல் நடந்தது. அவருடைய ஷிப்ட் மாறும்போது என் நேரமும் மாறும். எனக்கு ஆங்கிலம் வந்ததா என்று தெரியாது. அந்த அரை மணி நேரம் வந்தது.

3

பழைய ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த நவம்பர் அது. அப்பா ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. சேர்த்துவைத்த விடுப்பைக் கழிக்கிறேன் என்று வீட்டிலிருந்தார். காலையில் பேங்க் வரிசை, சாயங்காலம் எனக்குக் கேள்வி.

ஒருநாள் நான்காம் கேள்விக்குப் பிறகு ஒன்பதாவதை வாசித்தார்.

"நடுவுல நாலு விட்டுட்டீங்கப்பா."

"அதெல்லாம் உனக்குத் தெரிஞ்சதுதான்."

மறுநாள் பதினொன்று, பன்னிரண்டு, பிறகு நேராகப் பதினேழு. என் புத்தகம் மடியில் திறந்திருந்தது. அழைப்பு முடிந்த பிறகு, விட்டுப்போன கேள்விகளைப் பார்த்தேன். சுலபமானவை இல்லை, எனக்குத் தெரிந்தவையும் இல்லை. அவற்றுக்குள் ஒரே ஒற்றுமைதான் இருந்தது. எல்லாமே இரண்டு வரி, மூன்று வரிக் கேள்விகள். அவர் வாசித்தவை எல்லாம் ஒற்றை வரி.

மூச்சுத் திணறலோடு வருபவரிடம் ஊர் பேர் கேள், பேசவிட்டுக் கேள் என்பது எங்களுக்கு வார்டில் சொல்லித்தரும் முதல் பாடம். முழு வாக்கியமும் பேசி முடிக்கிறாரா, துண்டு துண்டாகப் பேசுகிறாரா, ஒற்றைச் சொல்லாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கருவி தேவையில்லை, காது போதும். என் காது பல நாட்களாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் விடைகளை மட்டும் கவனித்திருக்கிறேன்.

அன்று அப்பா கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அப்பா படுத்துத் தூங்கறாராம்மா?"

"தூங்காம?"

"படுத்தா, உக்காந்தா?"

அம்மா குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. "சேர்ல சாஞ்சிகினு தூங்கறாரு. ஃபேன் காத்து அங்கதான் நல்லா வருதாம்."

"கால் வீங்கியிருக்கா?"

"பழைய செருப்பு பத்தலன்னு புதுசு வாங்கிகினாரு. அதுக்குன்னு வீக்கம்னு சொல்லிட முடியுமா? பேங்க் வரிசையில நின்னுகினே இருந்தா யாருக்குத்தான் கால் கனக்காது?"

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிகினு போம்மா. இது நெஞ்சு சம்பந்தப்பட்டது."

"சொன்னா கேக்கறாரா? நீ மொதல்ல பரீட்சைய எழுது பாப்பா. ஷிப்டுல இருக்கறவங்ககிட்ட எதையும் சொல்லக் கூடாது. நெய்வேலில பொறந்த உனக்கு நான் சொல்லித் தெரியணுமா?"

4

தெரியும். டவுன்ஷிப்பில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில், சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவின் அண்ணன் காலையில் இறந்துபோனார். செய்தி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அப்பா முதல் ஷிப்டில் இருந்தார். யாரும் மைன்ஸுக்கு ஃபோன் செய்யவில்லை. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்பவன் மனசு ஒரு நொடி விலகினால் கை போய்விடும் என்பார்கள். ஊரிலிருந்து வந்த வேனை அவர் கண்ணில் படாமல் அடுத்த தெருவில் நிறுத்தச் சொன்னாள் அம்மா. அழ வந்த பெண்களைப் பின்கட்டில் உட்கார வைத்தாள். அடுப்பில் உலை வைத்தாள்.

அப்பா இரண்டு மணிக்கு மேல் வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. எடுத்து முடியும்வரை பட்டினி. அதனால்தான் முதலில் சோறு. கேட்காமலே அப்பளம் வைத்த அம்மாவை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு?"

"சாப்புடுங்க மொதல்ல."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. குழம்பு சாதம் முடித்து ரசம் வாங்கிக்கொண்டார். ரசம் முடித்து மோர் கேட்டார். அப்பா மோர் சாப்பிடுகிறவரே இல்லை. எழுந்தால் சொல்லிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பரிவிலிருந்து பிறந்த வழக்கம்தான். அதைக் குறைசொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

5

தேர்வை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று தேர்வு நடத்துகிறவர்களின் அலுவலகத்துக்குப் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையானவள். தகுந்த காரணம் இருந்தால் தள்ளலாம் என்றாள்.

"உங்கள் தந்தை மருத்துவமனையில் இருக்கிறாரா?"

"இல்லை."

"மருத்துவர் சான்று?"

"இன்னும் மருத்துவரிடம் போகவில்லை."

"நான் எப்படிப் பதிவு செய்வது? கடும் நோய், மருத்துவமனை அனுமதி, இறப்பு. இந்த மூன்றில் எது என்று சொல்லுங்கள்."

அவருக்கு மூச்சு வாங்குகிறது, நானே கேட்டேன் என்றேன். எங்கே கேட்டீர்கள் என்றாள். தொலைபேசியில், எனக்குக் கேள்விகள் வாசிக்கும்போது என்றேன். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, மன்னியுங்கள், அதற்கு இதில் இடமில்லை என்றாள்.

கணவரிடம் கேட்டேன். அவர் நிலாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"போறேன்னா இப்பவே டிக்கெட் போடறேன். திரும்பி வர வழி இருக்காது, அதையும் தெரிஞ்சிகிட்டுப் போ."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"போன்னு சொன்னா, நாளைக்கு நாந்தான் கெடுத்தேன்னு ஆகும். இருன்னு என் வாயால சொல்லவே மாட்டேன். அவரு உன் அப்பா."

நியாயமான பேச்சு. அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

மறுநாள் அப்பாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

"எட்டாவது கேள்விய படிங்கப்பா."

"அது வேணாம், ஈஸி."

"எனக்கு வரல. படிங்க."

தொடங்கினார். நான்கு சொல், ஒரு நிறுத்தம். மூன்று சொல், ஒரு நிறுத்தம். காலியிடம் வந்தபோது 'டேஷ்' என்று சொல்ல மட்டும் தனியாக ஒரு மூச்சு எடுத்தார்.

"போதும்பா. சின்னக் கேள்வியா பாத்துப் பாத்துப் படிக்கிறீங்க."

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலாகியது. "கண்டுபுடிச்சிட்டியா? உன்ன... நர்சுக்குப் படிக்கவச்சது என் தப்பு."

"வெளையாடாதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லன்னா நான் கெளம்பி வரேன்."

"வந்து? எனக்கு வெசிறி வுடப் போறியா? நீ எழுது பாப்பா. நான் போயி காட்டிக்கிறேன். உன் வேலைய நீ பாரு, என் வேலைய நான் பாக்கறேன். சரியா?"

"சத்தியமா?"

"நாளைக்கு காலையில."

மறுநாள் அவரே சொன்னார். "போயிட்டு வந்துட்டேன். மாத்திர குடுத்துருக்காங்க."

"என்ன மாத்திரைப்பா?"

"வெள்ள மாத்திர."

வேறு யாருடைய அப்பாவாக இருந்தாலும் அடுத்த கேள்வி கேட்டிருப்பேன். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, ஈசிஜி எடுத்தார்களா, நீர் பிரிகிறதா? ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளை மாத்திரை என்றால் வெள்ளை மாத்திரை என்று வைத்துக்கொண்டேன்.

தேர்வுக்கு முந்தின நாள், நான் கேட்காமலே அந்தப் பக்கத்திலேயே நீளமான கேள்வியை எடுத்தார். ஒரு நூலகத்தைப் பற்றிய மூன்று வரி. ஒவ்வொரு காற்புள்ளியிலும் நிறுத்தி, "யோசி, யோசி" என்றார், எனக்கு அவகாசம் தருகிறவர்போல. அந்த நிறுத்தங்கள் எதற்கென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நான் 'பி' என்றேன்.

"கரெக்ட்டு. போயி எழுது."

6

தேர்வு மையம் வேறு நகரத்தில். எழுதி முடித்து வெளியே வந்ததும் கூப்பிட்டேன்.

"எழுதிட்டேம்பா."

"நல்லா எழுதினியா?"

"சுமாரா."

"சரி. சரிம்மா." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

ரயில் பிடித்து, பஸ் மாறி வீடு வர இருட்டிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கணவர் கோட்டை வாங்கி மாட்டினார். சோறு வடித்து ரசம் வைத்திருந்தார். முகம் கழுவிவிட்டு வா, சாப்பிடு என்றார். அவர் நாமக்கல்காரர், எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. அம்மாதான் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: "மொதல்ல சோறு போடுங்க மாப்ள."

நான் தட்டைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

விடுப்புக்காக மேலாளரைக் கூப்பிட்டபோது வாயில் வந்தது அந்தப் பழைய சொல்தான், பாலுக்குச் சொல்கிற சொல். அவர் திருத்தவில்லை.

நான் போய்ச் சேரும்வரை அப்பாவை வைத்திருந்தார்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

தேர்வு நாளான அந்தச் சனிக்கிழமை நடந்ததை அம்மா உடனே சொல்லவில்லை. போன முறை நான் ஊருக்கு வந்தது குவார்ட்டர்ஸைக் காலி செய்ய. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. எனக்குச் சத்தியம் செய்த மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், பஸ் ஸ்டாப்புவரை போய் உட்கார்ந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். உள்ளே போட்டுவிடுவார்கள், எனக்குத் தெரிந்துவிடும், நான் கிளம்பி வந்துவிடுவேன் என்று பயம். சனிக்கிழமை மத்தியானமே நல்ல சட்டை மாட்டிக்கொண்டு, துண்டும் ஃபிளாஸ்கும் வைத்த பையோடு சேரில் உட்கார்ந்திருக்கிறார்.

"கெளம்பலாம் வாங்கன்னு கால்ல வுழாத கொறையா கெஞ்சினேன். அவ இன்னும் வெளிய வரல, அவ இன்னும் வெளிய வரலன்னு அதையே சொல்லிகினு இருந்தாரு. நீ ஃபோன் பண்ணி பேசி வச்சதும், ம், ஆட்டோவக் கூப்புடுன்னாரு."

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே கடலூருக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வழியில் குள்ளஞ்சாவடியைக்கூட அவர் தாண்டவில்லை.

நான் அவருடைய பேச்சை நம்பியதுபோல் இருந்தேன். அவர் என் தேர்வு முடியக் காத்திருந்தார். இரண்டு பேரும் அடுத்தவருடைய ஷிப்ட் முடியட்டும் என்று இருந்திருக்கிறோம். முன்னதாகவே உடம்பில் தேங்கிய நீர் பிரிய ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். போன மாதம்கூட ஒருவரை அப்படி உட்காரவைத்து, ஊசி போட்டு, நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். லிஃப்ட்வரை பேசிக்கொண்டே போனார்.

தேர்வில் தேறிவிட்டேன். முடிவு வந்தது காரியம் முடிந்த பிறகு.

7

டவுன்ஷிப்பில் எங்களுக்கென்று இனி எதுவும் இல்லை. அப்பாவின் வேலைக்காகக் கிடைத்த வீடு, வேலையோடு போய்விட்டது. அம்மா முத்தாண்டிக்குப்பத்தில் மாமா வீட்டோடு இருக்கிறாள். இங்கே வந்து இரு என்றால் விசா இல்லை. வயதான தாயை இந்த நாட்டுக்கு அழைத்துக்கொள்ள, ஊரில் அவள் வேறு கதியற்றவள் என்று நிரூபிக்க வேண்டும். மாமா இருக்கிறாரே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நிலாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். வலித்தால் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், நான் வேலையில் இருந்தாலும். வார்டின் தொலைபேசி எண்ணை அவள் பையில் ஒட்டியிருக்கிறேன். சரி என்று தலையாட்டினாள். ஆட்டியதில் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. அவள் தூங்கும்போது காதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

அம்மாவிடம் அப்படிச் சொல்லிப் பயனில்லை. எப்போது கேட்டாலும் "எனக்கு என்னா, கல்லு மாதிரி இருக்கேன்" என்பாள். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். ஊர்ச் செய்தி தெரியவில்லை, பேப்பர் வாசித்துக் காட்டு என்று கேட்கிறேன். மாமா வீட்டில் தினசரி வாங்குகிறார்கள். அம்மா எட்டாவது வரை படித்தவள், நன்றாக வாசிப்பாள். நம் தினசரிகளில் ஒரு வாக்கியம் தொடங்கினால் பத்தி முடியும்போதுதான் முடியும். எனக்கு அது வசதி, மூச்சுக்கு எத்தனை இடத்தில் நிறுத்துகிறாள் என்று எண்ணலாம். பிள்ளைக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது என்று மாமா சந்தோஷப்படுகிறாராம்.

நேற்று இடைவேளையில் கூப்பிட்டேன்.

"என்னா படிக்கட்டும்? மழை வருமான்னு போட்டுருக்கான், சின்னதா ரெண்டு வரி. வாய்க்கா தூர்வாரலன்னு ஒன்னு இருக்கு, பெருசு."

"எது வேணாலும் படிம்மா."

"பெருசாவே படிக்கிறேன்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளும் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு வாசித்தாள். சேத்தியாத்தோப்பு அருகே பாசன வாய்க்கால் தூர்வாரப்படாததால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராமல் நடவுப் பணிகள் தாமதமாகி வருவதாகவும், உடனடியாக நடவடிக்கை எடுக்காவிட்டால் மறியலில் ஈடுபடப் போவதாகவும் விவசாயிகள் தெரிவித்தனர். ஒருமுறை மட்டும் நிறுத்தினாள், 'தாமதமாகி வருவதாகவும்' என்ற இடத்தில். அது எல்லோரும் நிறுத்துகிற இடம்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். உடனே, அப்படித்தானா என்றும் தோன்றியது.

தாளை மடிக்கும் சத்தம் கேட்டது.

"எண்ணி முடிச்சிட்டியா? நான் போயி அடுப்பப் பாக்கணும்."